கவர்னரைத் தேர்ந்தெடுத்த கவட்டைக்குச்சி

தேர்தலில் யார் கவர்னராவார் என்பது அந்த அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எந்தக் கருத்துக்கணிப்புக்கும் தெரியவில்லை. லைல் ஹாக்பார்ட்டின் கவட்டைக்குச்சிக்குத் தெரிந்திருந்தது! நேற்றுவரை கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்த குச்சி. இப்போது பதவி உயர்வு பெற்று வாக்கோட்டம் பார்த்தது.

பூசணிச் சந்தையில் எதிரெதிராக இரண்டு வேட்பாளர்களின் பெயர்ப்பலகைகளை நட்டு, கண்ணை அரைகுறையாக மூடி நடுவே நடப்பார் லைல். குச்சி தலைசாய்த்த பக்கம் வெற்றி. கவர்னர், செனட்டர், சட்டமன்றம், எல்லாம் ஒரே குச்சி! ஜனம் வாயிலிருந்த பொரித்த சீஸை மெல்லவும் மறந்து வாய்பிளக்கும். பிறகு 'சக்தியேற்றிய' குச்சிகளை வாங்கிப்போய் வீட்டு வாசலில் நடும். இரண்டு கட்சிக்காரர்களும் வாங்கினார்கள். சக்திக்குக் கட்சி ஏது?

சட்டமன்றத்துக்கு நின்ற டார்லீன் வோஸ்கைலுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. போன தடவை ஒன்பதே ஓட்டில் சட்டமன்றத்தைக் கோட்டைவிட்டவர். இந்த முறை வீடுவீடாக ஏறி இறங்கினார். அவருடைய தீவிர ஆதரவாளர் ஹெர்ப் கதவைத் திறந்து சிரித்தார்.

"குச்சி உன் பக்கம் சாஞ்சிடுச்சும்மா! நீ ஜெயிச்சாச்சு. அப்புறம் நான் எதுக்குக் குளிர்ல வரிசையில நிக்கணும்?"

அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொன்னார்கள்.

"நமக்குச் சாதகமா சாஞ்ச குச்சியை நீயே ஒடிப்பியா?" குச்சியைச் சோதிக்கப்போவதாக டார்லீன் சொன்னதும் இப்படித் தலையில் அடித்துக்கொண்டார், பிரசாரத்தைக் கவனித்துக்கொண்ட அவர் தம்பி கோர்டி. டார்லீன் கேட்கவில்லை. மறுநாள் சந்தைக்கே போனார். காகிதப்பை மூடிய இரண்டு பலகைகளை நட்டார்.

"லைல், எதுல இருக்கிறவங்க ஜெயிப்பாங்க, சொல்லுங்க."

"பையை எடும்மா. குச்சிக்கு மூச்சு முட்டும்."

"நூறடி மண்ணுக்குக் கீழ தண்ணி தெரியுது. ஒரு பைக்குக் கீழ பேரு தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. லைலுக்கு வியர்த்தது. குச்சி நடுங்கி, தயங்கி, இடப்பக்கம் சாய்ந்தது.

"இதோ, அடுத்த சட்டமன்ற உறுப்பினர்!" என்று முழங்கினார்.

டார்லீன் பையை உருவினார். 'நாயைக் காணோம். பெயர் வாஃபிள். இடது காது சற்றுத் தொங்கும்.'

வலப்பக்கப் பையில் 'பூசணி மலிவு விலையில்'.

"அந்த நாய் எந்தக் கட்சி?" என்றது ஒரு குரல்.

லைல் விடவில்லை. "நாய் கிடைச்சுடும்னு சொல்லுது!"

"எங்க இருக்குன்னு சாஞ்சு காட்டச் சொல்லுய்யா!" என்று கத்தினார் நாய்க்காரர். குச்சி சாயவில்லை. லைல்தான் வண்டிப் பக்கமாகச் சாய்ந்து, ஏறி, மறைந்தார்.

தேர்தலன்று ஹெர்ப் காதுமூடித் தொப்பியோடு வரிசையில் நின்றார். அவர் தெருவே நின்றது. டார்லீன் மூன்று ஓட்டில் ஜெயித்தார்.

வெற்றி விருந்தில் ஒரு அம்மாள் டார்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"பாத்தியாம்மா, கடைசியில குச்சி சொன்னதுதானே பலிச்சுது!"

டார்லீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குச்சியால் தலையைச் சாய்க்கத்தான் முடியும், நண்பர்களே. கழுத்துக்கு மேலே நிஜமாகவே ஒன்று வைத்திருப்பவர்கள் அதைக்கொண்டு யோசிக்கவும் செய்யலாம். அதற்கு இன்னும் எந்தக் கவர்னரும் வரி போடவில்லை.