மிளகாய் உபதேசியாரும் எட்டு வீடும்

ஆண்டவர் யார் யார் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தடவை நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் அசட்டுத்தனங்களில் அதற்குத்தான் முதலிடம். கோடு போட்ட தாளில், வரிசை எண்ணோடு, உச்சியில் சிவப்பு மையால் ஒரு குட்டி இருதயம் வேறு வரைந்திருந்தேன். இருதயம் கொஞ்சம் கத்தரிக்காய் ஜாடையில் விழுந்துவிட்டது. அதைத் தவிர அந்தத் தாளில் வேறு குறை எனக்கு அப்போது தெரியவில்லை.

தெரியவைத்தவர் மிளகாய் உபதேசியார். ஆரணியாற்றுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் அவரைவிடப் பெரிய கோபக்காரர் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும் இவரை ஒரு தடவை பார்த்த பிறகு சாந்த சொரூபியாகியிருப்பார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் கோயில் பதிவேட்டில் இருந்திருக்கும். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அது ஐம்பதுகள். நான் கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் குமாஸ்தா. இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில், மணியக்காரர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். ஊரில் ஒரு சின்ன மாதா கோயில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வது, ஞானோபதேசம் கற்பிப்பது, திட்டுவது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. மூன்றாவதை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

பாவ மன்னிப்பு ஜெபத்தில் எல்லோரும் மார்பில் அடித்துக்கொள்வோம். அவருக்கு அது பொறுக்காது. "இன்னாத்துக்கு இந்தத் தட்டு தட்றீங்க? உள்ள ஆள் இருந்தா எப்பவோ தொறந்திருப்பான்!" என்று ஜெபத்தின் நடுவிலேயே கத்துவார்.

பொன்னேரியிலிருந்து வந்த ஒரு கம்பவுண்டர் அவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "கோவப்படக் கூடாது பெரியவரே, இருதயம் பலவீனமா இருக்குது" என்றார். "இத்த சொல்றதுக்கு ஒரு கொழா வேறயா?" என்று அவரை வாசல் வரை துரத்திவிட்டு வந்தார். அந்தக் கம்பவுண்டர் போய்ச் சேர்ந்த பிறகும் பதினேழு வருஷம் உபதேசியார் கோபமாகவே இருந்தார்.

எங்கள் வீடுகளில் ஒரு படம் இருக்கும். சேசுநாதர் தம் இருதயத்தை மார்புக்கு வெளியே காட்டிக்கொண்டு நிற்பார். அதைச் சுற்றி முள், மேலே நெருப்பு. ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் இதில்தான் எங்களை மடக்குவார். பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு, தப்ப முடியாது.

"இருதயத்த ஏன் வெளியில வெச்சிக்கினு நிக்கிறாரு?"

"அன்பைக் காட்ட, உபதேசியாரே."

"உள்ள வெச்சிக்கினா நம்ப மாட்டோம்னு நம்மளப் பத்தித் தெரியும் அவருக்கு. சரி, நெருப்பு இன்னாத்துக்கு?"

"அதுவும் அன்புதான், உபதேசியாரே."

"பாதிதான்யா அன்பு. மிச்சம் கோவம். நாள் பூரா வேல வாங்கிக்கினு கஞ்சி ஊத்தாம அனுப்புறவனப் பாத்து ஆண்டவரு பல்ல இளிப்பாரா? கோவமே வராத அன்ப நான் கேலண்டர்லதான் பாத்துகிறேன்!"

ஜூன் மாதம் திரு இருதய மாதம். கோயிலில் இருக்கும் திரு இருதயப் படம் முப்பது நாளும் வீடு வீடாகப் போகும். சாயங்காலம் ஒரு வீட்டார் பாட்டோடு எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் கொடுப்பார்கள். அன்று படம் அந்த வீட்டில் தங்கும், அக்கம்பக்கம் கூடி ஜெபம் நடக்கும். ஊரில் கிறிஸ்தவ வீடுகள் முப்பத்தெட்டு. பெரிய தெருவில் முப்பது, கால்வாய்க்கு அந்தப் பக்கம் எட்டு. அந்த எட்டு வீட்டுக்காரர்கள் பெரிய தெருவின் வயல்களில் கூலி வேலை செய்கிறவர்கள். வருஷா வருஷம் முப்பது நாளும் முப்பது வீட்டோடு முடிந்துவிடும். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது.

அந்த வருஷம் பட்டியல் எழுதும் பெருமை என்னிடம் வந்தது. "குமாஸ்தா எழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார் மணியக்காரர். "அந்தப் பக்கம் வேணாம் நைனா. மண்ணு செவுரு, ஆணி நிக்காது. படம் நனைஞ்சிடும்." அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவனுக்கு இது நியாயமாகப்பட்டது. எழுதிக் கோயில் கதவில் ஒட்டினேன்.

மறுநாள் காலை மெட்ராஸ் வண்டி வரும் நேரம். டிக்கெட் ஜன்னலில் கூட்டம். வரிசையைப் பிளந்துகொண்டு ஒரு கை, கிழித்தெடுத்த பட்டியலை ஓட்டை வழியாக என் மூக்கில் நீட்டியது.

"யோவ் குமாஸ்தா! எட்டு ஊடு எங்கய்யா?"

"மாசத்துக்கு முப்பது நாள்தானே, உபதேசியாரே…"

"உடுபட்ட எட்டும் கால்வாய்க்கு அந்தாண்டயே அமைஞ்சிச்சா? நல்லா அமைஞ்சிச்சிய்யா!"

"அங்க செவுத்துல ஆணி நிக்காதுன்னு மணியக்காரர்…"

"ஆண்டவர ஆணி அடிச்சி நிறுத்துறதுல உங்களுக்கு இன்னா இவ்ளோ அக்கறை? ஏற்கெனவே மூணு அடிச்சது பத்தாதா?"

"சார், பொன்னேரிக்கு ஒண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருய்யா! பொன்னேரி எங்கியும் ஓடிப் போவாது!" என்று அந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பாக்கியம்னு ஒருத்தி கீறா. மே மாசம் ஆனா செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சி வெச்சிக்கினு ஒக்காந்துகிறா. அஞ்சு வருஷமா அடிக்கிறா. இந்தத் தபா கட்டாயம் வரும்னு நான் வாக்குக் குடுத்துகிறேன். அவ மூஞ்சில நான் எப்டிய்யா முழிக்கிறது?"

எனக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கஷ்டமாத்தான் இருக்குது, உபதேசியாரே. இருதயமே உருகுது."

அதுதான் நான் செய்த பிழை.

"உருகுறது வெண்ணெ! இருதயம்னா உருகுற எடம்னு உனுக்கு எவன்யா சொன்னான்? ஒருத்தன் உள்ளுக்குள்ள ஒக்காந்து இத்த செய்வேன், இத்த செய்யமாட்டேன்னு முடிவு கட்றானே, அந்த எடம்யா இருதயம். அழுவுறது கண்ணு. உனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது!"

வண்டி வந்துவிட்டது. பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல் ஏறினார்கள்.

ஜூன் முதல் நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து படம் புறப்பட்டது. பட்டியலில் முதல் வீடு மணியக்காரர் வீடு. வாசலில் தோரணம், தாம்பாளத்தில் பழம், புது ஜிப்பாவில் மணியக்காரர். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உபதேசியார் முன்னால் நடந்தார். பக்கத்தில் கேஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு நான். பின்னால் ஊர், பாட்டு.

மணியக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். உபதேசியார் நிற்கவே இல்லை.

"உபதேசியாரே! ஊடு இங்க கீது!"

"தெரியும். பொறந்ததுலேர்ந்து பாக்குறேன்."

நிற்பதா போவதா என்று தெரியாததால் கூட்டம் பாடிக்கொண்டே பின்னால் போனது. தெரு முடிந்தது, தோப்பு முடிந்தது, கால்வாய் வந்தது. குறுக்கே ஒரு பனந்தண்டுப் பாலம். அங்கே பாட்டு நின்றது. கால்களும் நின்றன.

உபதேசியார் தண்டின்மேல் ஏறி, திரும்பாமலே "வெளக்கு!" என்றார்.

பின்னாலிருந்து மணியக்காரர் "குமாஸ்தா!" என்றார்.

உபதேசியார் சொன்ன அந்த இடம் எனக்குள்ளும் இருந்தது. அது உடனே முடிவும் கட்டியது. மாடி அறையை நினைத்தது, காற்றோட்டமான ஜன்னலை நினைத்தது, காலையில் கீழேயிருந்து வரும் காபியை நினைத்தது. கேஸ் லைட்டோடு கரையிலேயே நின்றுவிட்டேன்.

இருட்டத் தொடங்கியிருந்தது. காலால் தடவித் தடவி அவர் தனியாகத் தாண்டினார். அந்தப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னதாகச் சிம்னி விளக்குகள் ஓடி வந்தன. எண்ணிப் பார்த்தேன். எட்டு.

எட்டு நாளும் படம் அங்கேதான் இருந்தது. நாலாம் நாள் கோடை மழை கொட்டி, கூரை ஒழுகி, படத்துக்குள் தண்ணீர் இறங்கிச் சேசுநாதர் அங்கியில் ஒரு பழுப்புக் கறை படிந்துவிட்டது. மணியக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நான் சொன்னேனா இல்லியா? நனைஞ்சிப் போச்சி பாருங்க!"

"அந்த ஊட்ல ஆறு பேரு நனைஞ்சாங்க" என்றார் உபதேசியார். "ஏழாவது ஆளா ஆண்டவர் நனைஞ்சாரு. அவரே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா பேஜாரு?"

அந்த ஆறு பேரும் மணியக்காரர் வயலில் வேலை செய்கிறவர்கள். எத்தனையோ மழையில் நனைந்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஒன்பதாம் நாள் படத்தோடு உபதேசியார் பெரிய தெருவுக்கு வந்தார். மணியக்காரர் கதவு சாத்தியிருந்தது. மற்றக் கதவுகளும் அதைப் பார்த்துச் சாத்திக்கொண்டன. அவர் அசரவில்லை. நாளுக்கு ஒரு வாசல். திறந்தால் உள்ளே ஜெபம். திறக்காவிட்டால் கதவுக்கு ஜெபம், இரண்டு மடங்கு சத்தத்தில், ஒரு வார்த்தை விடாமல். மூன்றாவது வாரத்தில் சில கதவுகள் திறந்தன. பக்தியா, காதுவலியா என்று நான் விசாரிக்கவில்லை. மணியக்காரர் மெட்ராஸிலிருந்து கறையில்லாத புதுப் படம் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். பழைய படம் கால்வாயைத் தாண்டிப் பாக்கியம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கே போய்விட்டது. ஆணி நன்றாகவே நின்றது.

பிறகு உபதேசியாரை மாற்றச் சொல்லிச் சாமியாருக்கு ஒரு மனு தயாரானது. முத்து முத்தாக எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுதமாட்டேன் என்றேன். வீரமாக ஒன்றும் சொல்லவில்லை, கை சுளுக்கு என்றுதான் சொன்னேன். அது பொய் என்பது எல்லோருக்கும் புரிந்து, ஒரு வாரத்தில் மாடி அறை போயிற்று. மனுவை வேறு யாரோ கோணல்மாணலாக எழுதினார்கள். கோணல் எழுத்தும் வேலை செய்தது. உபதேசியாரைச் சோழவரம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மூட்டையோடு ரயிலேற வந்தபோதும் என்னைப் பார்த்து, "சுளுக்குன்னு சொல்லிக்கினியாமே? வேணாம்னு சொல்ல வாய் வரலியா?" என்று திட்டிவிட்டுத்தான் போனார். என்னைத் திட்டுவதற்கு அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்கும் மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில்தான் பனந்தண்டைத் தாண்டிப் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். கறை படிந்த படத்தின் முன்னால் நின்று, வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்: "அன்னிக்கு அந்தக் கரையில வெளக்கோட நின்னது நான்தாம்மா. என்னை மன்னிச்சிடணும்."

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா சார் அது? அங்க யாரு நிக்கிறதுன்னு நாங்க கேட்டோம். ஆள் யாரும் இல்ல, வெளக்குக் கம்பம்தான்னு உபதேசியாரு சொன்னாரு. நாங்களும் அப்டித்தான் நெனச்சிக்கினோம்."