சமையலறைக் கூரையில் இறங்கிய ஒளி

இந்த முறை சும்பர்வேரு கிராமத்துக்குத் தலைவராகியே தீருவது என்று வாகிமான் முடிவெடுத்தபோது, அவரை எதிர்த்து நிற்க ஊரில் ஒருவரும் இல்லை. அதுதான் சிக்கல். ஒற்றை ஆள் நின்றால் தேர்தல் செல்லாது. ஜாவாக் கிராமங்களில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: சொந்த மனைவியையே எதிரில் நிறுத்திவிடுவது. புகையிலை வியாபாரியான வாகிமானும் மனைவி சுமர்னியைக் கூப்பிட்டார்.

"மேடைல பக்கத்துல வந்து உக்காந்தா போதும். யார்கிட்டயும் ஓட்டுக் கேக்காத."

"கேக்கல, பாக்," என்றாள் சுமர்னி, ஊர் வழக்கப்படி கணவரை மரியாதையாக விளித்து.

கடைசிவரை அவள் கேட்கவும் இல்லை.

சின்னமாக நெற்கதிரை அவர் எடுத்துக்கொண்டார். அவளுக்கு மரவள்ளிக்கிழங்கு போதும் என்று அவரே எழுதிக்கொடுத்தார்.

ஆனால் சும்பர்வேருவில் ஓட்டு என்பது முன்பே முடிவானதைக் காகிதத்தில் குறிப்பது மட்டும்தான். முடிவு செய்வது புலுங். தேர்தலுக்கு முந்தைய வாரம் வானத்திலிருந்து ஓர் ஒளி இறங்கும்; எந்தக் கூரையில் இறங்குகிறதோ அந்த வீட்டில் தலைவர் இருக்கிறார். இந்தத் துறையில் ஊரார் கறாரானவர்கள். சிவப்பாகப் போனால் அது தீவினை, எல்லோரும் கதவைச் சாத்த வேண்டும். வெள்ளையாக ஆடி ஆடிப் போனால் தவளை பிடிப்பவனின் டார்ச். நீலமும் பச்சையும் கலந்து, சத்தமில்லாமல், அவசரமில்லாமல் வந்தால் மட்டுமே புலுங். அது எங்கே இறங்கியது என்று பொய் சொன்னால் அதன் அருள் மறுநாளே போய்விடும்.

அதை வரவழைக்க வாகிமான் ஏழு நாள் நோன்பு பூண்டார். வெறும் சோறு, பச்சைத் தண்ணீர், மௌனம். உள்ளறையில் பாயை விரித்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வேட்பாளர் வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பியும் சாப்பாடும் போட வேண்டும். வேட்பாளர் ஒருவர் அறைக்குள் ஊமையாகக் கிடந்ததால், இன்னொரு வேட்பாளர் பரிமாறினாள். மேலவயல்காரன் மடையை அடைத்துவிட்டான் என்று ஒருவர் அழுதார். மேலவயல்காரனையும் கூப்பிட்டு எதிரெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டாள். மடை திறந்தது. பாலத்தில் பலகை போயிருந்தது. தன் வீட்டுத் தொழுவத்திலிருந்து இரண்டு பலகைகளைக் கழற்றிக் கொடுத்தாள். இதெல்லாம் வாகிமான் காதிலும் விழுந்தது. தனக்காக உழைக்கிறாள் என்று நெகிழ்ந்து, வெறும் சோற்றை மென்றார்.

ஆறாம் நாள், விளக்கு வைக்கும் வேளை. முதலில் வயல் தவளைகள் நின்றன. ஒவ்வொன்றாக அல்ல, யாரோ ஊர் வாயைப் பொத்தியதுபோல் ஒரே நொடியில். அடுத்து முற்றத்துப் பேச்சு நின்றது. மூங்கில் தட்டிச் சுவரின் இடுக்குகளில் நீலப்பச்சை வெளிச்சம் நூல் நூலாக உள்ளே வந்தது. பாயிலும், தட்டிலிருந்த சோற்றிலும், அவர் முழங்காலிலும் அது ஊர்ந்தது. சூடில்லை. அது பட்ட எதற்கும் நிழலும் இல்லை.

பிறகு சுவர் இருண்டது. கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் தங்கியது. வெளியே யாரோ நிற்பதுபோல் அது அசையாமல் நின்றது.

வாழ்நாளெல்லாம் காத்திருந்த விருந்தாளி. எழுந்து தாழ்ப்பாளை நீக்க வேண்டியதுதான். வாகிமான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். நோன்பில் எழுந்திருக்கக் கூடாது என்ற விதி அந்தக் கணத்தில்தான் அவருக்கு உதயமாயிற்று. வெகுநேரம் கழித்துக் கோடு நகர்ந்தது. தவளைகள் மறுபடி கத்தின.

அவர் வெளியே வந்தபோது முற்றத்தில் நாற்பது பேர் சமையலறைக் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே அடுப்பின் முன்னால் சுமர்னி அகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்து சாம்பல் சில்லிட்டிருந்தது. பானையில் சோறு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? என் வீட்டுல இறங்கிடுச்சு," என்று மௌனத்தை உடைத்தார் வாகிமான்.

பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் போனிரின் தொண்டையைச் செருமினார். "எந்த இடத்துலன்னு வெளியூர்க்காரங்க கேட்டா என்ன சொல்றது, அண்ணே?"

வாகிமான் உள்ளறைப் பக்கம் கையைத் தூக்கினார். சுமர்னி மெதுவாகச் சொன்னாள்: "உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க, பாக். பொய் சொன்னா போயிடும்பாங்க."

நியாயமான எச்சரிக்கை. வாகிமான் மறுநாள் வீடு வீடாகப் போய், ஓர் எழுத்துப் பிசகாமல் உண்மையைச் சொன்னார்: ஒளி தன் வீட்டில் இறங்கியது, சரியாகச் சொன்னால் சமையலறையில், இன்னும் சரியாகச் சொன்னால், சுமர்னியின் தலைக்கு நேர் மேலே. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். சிலர் அவர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்.

தேர்தலன்று இருவரும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஊர் வரிசையில் வந்து, ஓட்டுச்சீட்டில் ஆணியால் சின்னத்தைக் குத்திவிட்டுப் போனது. நெற்கதிருக்கு முப்பத்தொன்பது. மரவள்ளிக்கிழங்குக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

மாலையில் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாலத்தில் தொழுவத்துப் பலகைகள் காலடியில் அதிர்ந்தன.

"அது எனக்காக வந்தது, சுமர்னி," என்றார் வாகிமான்.

"ஆமா, பாக். மொதல்ல உங்க கதவுகிட்டதான் போச்சு. எவ்வளவு நேரம் நின்னுச்சு. யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

வாகிமான் பலகையிலேயே நின்றுவிட்டார். கதவின் அடியில் தெரிந்த அந்தக் கோட்டைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளறைக் கதவு, சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சொல்லுச்சு," என்றாள் சுமர்னி, தென்னைகளுக்கு மேலே இருண்டுவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் கிராம எழுத்தர் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். தலைவர் எவரோ, அவருக்கு வாழ்க்கைப்பட்டவர்தான் ஊர்த் தாய்மார் சங்கத்தை நடத்த வேண்டும். முதல் செவ்வாய் கைக்குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, மூன்றாம் செவ்வாய் கஞ்சி காய்ச்சுவது. எழுத்தர் கூச்சத்தோடு பேனாவை நீட்டினார்.

கையெழுத்துக்கான கோட்டின் கீழ் 'தலைவரின் மனைவி' என்று அச்சிட்டிருந்தது. வாகிமான் கையெழுத்துப் போட்டார்.