ஸ்பேனருக்கு அடியில் ஒரு நோட்டீஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வீட்டைப் புதிதாக வாங்கியவர் அனுப்பியது. முப்பதே நாளில் கிளம்பவேண்டுமாம். மகளுக்கோ அடுத்த மாதம் பரீட்சை.

மனைவியிடம் மூச்சுவிடக்கூடாது, தனி ஆளாக நின்று வீட்டைக் காப்பாற்றிவிட்டுத்தான் சொல்வது என்று முடிவெடுத்தார். நோட்டீஸையும், பின்னாலேயே வந்த விசாரணைக் கடிதத்தையும் டூல்பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு அடியில் தள்ளினார். அன்றிலிருந்து அழைப்புமணி அடித்தாலே நெஞ்சு தரைத்தளத்துக்கு இறங்கியது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் வழி சொன்னார். "நோட்டீஸே வரலன்னு சாதிச்சிடு. ஒண்ணும் பண்ண முடியாது."

விசாரணையன்று காலை மனைவி கேட்டாள்.

"எங்க, இவ்வளவு சீக்கிரம்?"

"ஆஸ்பத்திரி லிஃப்ட் மாட்டிக்கிச்சு."

"அதுக்கு இஸ்திரி போட்ட சட்டையா?"

"உள்ள பெரிய டாக்டர் இருக்கார்."

வாடகை விசாரணை அறையில் முதல் பெஞ்சில் புது வீட்டுக்காரர் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த பெஞ்சில், மடியில் ஃபைலோடு, மனைவி.

"டாக்டரை இறக்கியாச்சா?" என்றாள் மெதுவாக.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நோட்டீஸ் கிடைச்சுதா?" என்றார் அதிகாரியம்மா.

"இல்லீங்க," என்றார் மெக்கானிக்.

"கிடைச்சுதுங்க." மனைவி எழுந்தாள். "இவரு டூல்பாக்ஸ்ல இருந்துச்சு. கொஞ்சம் கிரீஸ் பட்டிருக்கு, மன்னிச்சுக்கோங்க."

வக்கீல் சிரித்தார். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே மகள் புத்தகத்தோடு தெருவில் நிற்பது மெக்கானிக்கின் கண்ணுக்குத் தெரிந்தது. பொய் சொன்னதற்குத் தனியாக உள்ளே போடுவார்களோ?

மனைவி இன்னொரு தாளை நீட்டினாள். "இது பழைய வீட்டுக்காரர் போட்டுக் குடுத்த வாடகை ஒப்பந்தம். வீடு என் பேர்ல. நோட்டீஸ் இவரு பேர்ல. எனக்கு இன்னிவரைக்கும் நோட்டீஸே வரலீங்க."

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது. அதிகாரியம்மா இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒப்பந்தம் போட்ட அன்று மனைவி காட்டிய இடத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல், சாட்சிக் கையெழுத்துப் போட்டது மெக்கானிக்குக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இந்த நோட்டீஸ் செல்லாது. உரிய ஆளுக்கு, உரிய அவகாசம் குடுத்துப் புதுசா அனுப்புங்க. அதுவரைக்கும் இந்தம்மாவைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

மகள் இந்த வீட்டில் இருந்தபடியே பரீட்சைக்குப் படிக்கலாம். மெக்கானிக் மூச்சுவிட்டார்.

அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"கூடத் தங்கியிருக்காருங்க," என்றாள் அவள். "ஒழுங்கா இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."