தாசில்தார் கொடுத்த நடத்தைச் சான்றிதழ்

“ஏன் கண்ணு, பன்னெண்டு முடிச்சதே நம்ம ஊட்டுக்குப் பெரிய சங்கதி. கீழ போயி ஆஸ்டல்ல ஒரு வாரம் தாங்குவியா நீ?” என்று ஜீப் ஓட்டும் என் மாமா கேட்டது என்னை மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற அப்பாவையும்தான். எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பின்னால் பதில் சொன்னவள் தாசில்தார்.

கொல்லிமலைக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். கமர்கட்டுக்கு மசியாமல், தலைமையாசிரியருக்கு அஞ்சாமல், யாரும் கேட்காமலே சான்றிதழ் எழுதிக் கொடுத்த தாசில்தார் அவள் ஒருத்திதான். ரெட்டை ஜடை, சொந்த ஊர் வாசலூர்பட்டி, பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு.

அவளுக்கு இருந்த ஒரே வியாதி உண்மை. படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு மிளகு விற்பது அவள் அப்பாவின் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

“ஏம்மா, இது புது மிளகா?” என்று கேட்டார் கார்க்காரர் ஒருவர்.

“இல்லீங்க, போன வருசத்துது. புதுசு உள்ள மூட்டையில இருக்குது. இது தீர்ந்தாத்தான் எங்கப்பா அதைப் பிரிப்பாருங்க.”

அன்றோடு அவளுக்குக் கடையிலிருந்து விடுதலை. அவள் படிப்புக்கு வந்த நல்ல காலம் அப்படித்தான் தொடங்கியது.

பட்டம் வந்த கதை வேறு. தேர்வு முடிவு வந்த வாரம், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று விலங்கியல் சார் அவளைக் கூப்பிட்டு மாற்றுச் சான்றிதழ்களை நிரப்பச் சொன்னார். இருபத்தெட்டுப் பேருக்கும் ‘நடத்தை’ என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“சார், கார்த்திக்கும் நன்று, எனக்கும் நன்றுங்களா?”

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடணும்.”

“அப்ப எதுக்குங்க சார் அந்தக் கட்டம்?”

சார் அடுத்த படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் இருபத்தெட்டு ‘நன்று’களையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள். பிறகு வீட்டுக்குப் போய், நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, ஒவ்வொருவருக்கும் அசலான நடத்தைச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தாள். முத்திரையில்லாத காகிதத்தை எங்கள் மலையில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆகவே மரவள்ளிக் கிழங்கை வட்டமாக நறுக்கி, ‘தாசில்தார்’ என்று திருப்பிச் செதுக்கி, ஊதா மையில் தொட்டுக் குத்தினாள். எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. கிழங்கு காயக் காய முத்திரை சுருங்கியது. முதல் நாள் வாங்கியவர்களுக்கு ஒரு ரூபாய் அளவு. கடைசி நாள் வாங்கியவர்களுக்குச் சட்டைப் பித்தான் அளவு. “எனக்கு மட்டும் ஏன்டி சின்னது?” என்று பெரிய சண்டையே நடந்தது. நான்காம் நாள் முத்திரையை ஆட்டுக்குட்டி தின்றுவிட்டதால் அலுவலகம் மூடப்பட்டது.

கார்த்திக்கு அவள் எழுதியது: ‘தாமதமாக வருவார். கேட்டால் வழியில் கரடி என்பார். இரண்டு வருடத்தில் பதினாறு கரடி பார்த்திருக்கிறார். அத்தனையும் திங்கட்கிழமை.’

சரண்யாவுக்கு: ‘சாப்பாட்டு டப்பாவை இரண்டாவது பீரியடிலேயே திறந்துவிடுவார். ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை.’

விலங்கியல் சார் சமவெளியிலிருந்து வந்தவர். சிரித்துக்கொண்டே, “எனக்கு ஒண்ணு இல்லியாம்மா?” என்று கேட்டுவிட்டார். அவருக்கும் தயாராக இருந்தது: ‘மலை ஏறிய முதல் நாளே மாறுதலுக்கு எழுதிப் போட்டார். மாறுதல் வந்த அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன் என்றார். அன்று நான்கு பஸ் இருந்தன.’ சார் அதைப் படித்துவிட்டுக் கரும்பலகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னுடையதில் முதல் வரியே, ‘சத்யா: கணக்கு வராவிட்டால் அழுவார்.’ எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“ஊரறிய அழுமூஞ்சின்னு எழுதிட்டியேடி!”

“முழுசாப் படி புள்ள. கீழ இன்னும் இருக்குது.”

நான் படிக்கவில்லை. கசக்கி முற்றத்தில் எறிந்தேன். எறிந்ததை எடுத்தவர் அப்பா. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊதா முத்திரை தெரியும். முத்திரை குத்திய ஒரு தாளுக்காக நாள்கணக்கில் நடந்த மனிதர் அவர். தாளைத் தொடையில் வைத்து நீவி, என் மதிப்பெண் பட்டியலோடு பைலில் சேர்த்துவிட்டார். எனக்கு அது தெரியாது.

கல்லூரியில் சேரக் கடைசி நாளன்றுதான் என்னை நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார். அதுவும், “சும்மா பாத்துட்டு வரலாம்” என்று சொல்லித்தான். மலையடிவாரத்துக் காரவள்ளி வந்து சேரும் வரை பைலை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார். மாமாவின் கேள்வி அவர் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

சேர்க்கை மேசையில் ஒரு பேராசிரியை இருந்தார். மதிப்பெண்ணைப் பார்த்து, “இடம் இருக்கு” என்றார். ஹாஸ்டல் படிவத்தை அப்பாவின் பக்கம் தள்ளினார். “ஆனா நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. நிறையப் பிள்ளைங்க ஒரே வாரத்துல அழுதுகிட்டு வீட்டுக்கு ஓடிடறாங்க.”

அப்பாவின் கையில் பேனா நின்றுவிட்டது. “அதத்தானுங்க நானும் யோசிக்கிறேன். நாளைக்கு வந்து சொல்லட்டுங்களா?”

“இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுதுங்க.”

பேராசிரியை பைலின் அடுத்த தாளைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது. “இது என்னம்மா?”

பித்தான் அளவில் ஓர் ஊதா முத்திரை! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அப்பா மட்டும் பதறாமல், “அதுவும் ஒரிஜினல்தானுங்க. ஜெராக்ஸ் இல்லீங்க” என்றார்.

பேராசிரியை சத்தமாகவே படித்தார்: “கணக்கு வராவிட்டால் அழுவார்.” பக்கத்து மேசை சிரித்தது. “அழுதுகொண்டே அடுத்த கணக்கைப் போடுவார். விடைத்தாளை நனைத்ததுண்டு, பாதியில் கொடுத்துவிட்டு எழுந்ததில்லை. கீழே அனுப்பலாம். இரண்டு கைக்குட்டை கொடுத்து அனுப்பவும்.”

சிரிப்பு அடங்கியது. அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த நடுவுல இருக்கறத இன்னொருக்காப் படிங்க.”

“பாதியில் கொடுத்துவிட்டு எழுந்ததில்லை.”

“நெசமாங்க அது. எழுதுன புள்ளைக்குப் பொய்யே வராதுங்க. அதனால அவங்க அப்பனுக்கு யாவாரமே போச்சுங்க.” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எங்கீங்க கையெழுத்து வெக்கோணும்?”

அவர் எழுதக் கற்றிருந்தது தன் பெயர் மட்டும்தான். அன்று அதை மெதுவாக, எழுத்தெழுத்தாகப் போட்டார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஒரு வாளி, ஒரு பூட்டு, இரண்டு கைக்குட்டை வாங்கினார்.

ஹாஸ்டல் வாசலில் நின்று தாசில்தாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கடி அந்தக் காயிதம்?”

“அவங்களே வெச்சுக்கிட்டாங்க.”

“முத்திர தெளிவா விழுந்திருந்துச்சா?” என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்றாள். அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

இப்போது அவள் மலையிலேயே ஒரு கணினி மையத்தில், ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறாள். வயதைக் குறைத்துச் சொல்பவர்கள் இவள் இருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் வருவதில்லையாம். நான் கணிதத்தில் மூன்றாம் ஆண்டு. போன திங்கட்கிழமை பி.எட். படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். அனுப்பிய கையோடு அப்பாவிடம் சொல்லப் போனை எடுத்தேன்; விரல் தானாகத் தாசில்தார் எண்ணுக்குத்தான் போனது.