பெண் எலிகளின் திமிர்

மனித குலம் எலிக் குலத்துக்குச் செய்த சேவைகளில் தலையாயது, வரன் பார்த்துக் கொடுப்பது. பயிர்ப் பூஞ்சைக்கு மருந்து தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இந்தப் புனிதப் பணி ஓயாமல் நடந்தது. மருந்து 'பரம சாது' என்று மேலாளர் கையெழுத்திட்டால் போதும், ஊரெல்லாம் தெளிக்கலாம். முதலாளி வீட்டில் வேறு தங்கள் பையனுக்கு மேலாளரின் மகளைக் கேட்டிருந்தார்கள். மேலாளருக்குக் கை துறுதுறுத்தது.

குறுக்கே நின்றவை பெண் எலிகள்.

"மாப்பிள்ளைக்கு என்னம்மா குறை? பளபளன்னு இருக்கான்!" என்று ஆண் எலியைக் காட்டிக் கேட்டார் மேலாளர்.

"குறையே தெரியல சார்," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "ஆனா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. அந்தக் கூண்டுல இருக்கற, மருந்தே படாத வம்சத்து நோஞ்சானைக் காட்டினா, ஓடிப் போய் ஒட்டிக்குதுங்க."

"இவன் மருந்தைக் குடிச்சானா?"

"இல்ல சார். அப்பனும் குடிக்கல, தாத்தாவும் குடிக்கல. கொள்ளுத் தாத்தா காலத்துலதான் நாம தண்ணியில கலந்து குடுத்தோம்."

"என்னிக்கோ போய்ச் சேந்த கிழவனுக்காக இவனைத் தள்ளி வைக்கிறதா? திமிரும்மா, வேற என்ன!"

அவசரக் கூட்டம் கூடியது. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின், பெண் எலிகளின் மூக்கில் தலைவலித் தைலம் தடவுவது என ஏகமனதாக முடிவாயிற்று. தடவினார்கள். அதன்பின் 'மணமகள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை'.

மேலாளர் பேனாவைத் திறந்தார். வீட்டிலிருந்து மனைவி அழைத்தாள்.

"ஏங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்க. என்ன பெருமைங்கறீங்க! பையனோட கொள்ளுத் தாத்தாதான் முதல் மருந்தையே கலக்கினாராம். முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக் கலக்கி, பதம் வந்துச்சான்னு நாக்குல வச்சுப் பாப்பாராம்!"

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நம்ம பொண்ணு என்ன சொன்னா?"

"சரின்னுட்டா. பாவம், ரெண்டு நாளா ஜலதோஷம், மூக்கே அடைச்சுக் கிடக்கு."

"வேண்டாம்! இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிடு!"

"ஐயய்யோ, பையனுக்கு என்ன குறை?"

"குறையே தெரியலடீ! அதான் பயமா இருக்கு!"

அவர் பொறுப்புள்ள தகப்பன். அந்த நிமிடமே சம்பந்தத்தை முறித்தார். பொறுப்புள்ள அதிகாரியும்கூட, சம்பந்தம் போனாலும் வேலையாவது மிஞ்ச வேண்டும் என்று மறு நிமிடமே மருந்துக்குக் கையெழுத்திட்டார். தெளிக்கப்போவது ஊரார் வயல்களில். பிறக்கப்போவது ஊரார் கொள்ளுப் பேரன்கள். அதில் ஒரு தகப்பன் கவலைப்பட என்ன இருக்கிறது?