நீலம் ஏறிய தலைகள்

அந்த வரிசையைப் பார்த்திருந்தால் நீங்களே வாய் பிளந்திருப்பீர்கள். வழக்கமாக மோசம் போகிறவர்களின் வரிசை இல்லை அது. தாயத்துக்காரன் வாசலில் நிற்கிற கூட்டமும் இல்லை, பேயோட்டியிடம் இழுத்து வரப்படுகிற கூட்டமும் இல்லை. எல்லார் மூக்கிலும் கண்ணாடி, எல்லார் கையிலும் புத்தகம், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். "நீங்களுமா? நீங்க வராம வேற யாரு வருவா" என்று ஒருவரை ஒருவர் புகழ்ச்சியில் குளிப்பாட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாடியில் இருந்தது மூளையை அளக்கும் கருவி.

தலையில் ஒரு தொப்பியை மாட்டுவார்கள். அதிலிருந்து ஒயர்கள் போய் ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் முடியும். கண்ணை மூடிக் கடவுளை நினைக்கச் சொல்வார்கள். நம்பாத மூளை என்றால் நீல வெளிச்சம் சரசரவென்று குழாயின் உச்சிக்கு ஏறும். நம்புகிற மூளை என்றால் அடியில் சிவப்பு மட்டும் மினுக்கும். நம்பாதவர் அறிவாளி, நம்புகிறவர் மந்தம், இது விஞ்ஞானம் என்றார் வெள்ளைக் கோட்டு போட்ட நிபுணர். விஞ்ஞானம்தான் என்பதற்கு அங்கே இருந்த ஒரே சாட்சி அந்தக் கோட்டு.

விழுந்தோம். ஆமாம் கண்ணுகளா, நாம்தான். சாமி சிலை கண்ணீர் விடுகிறது என்று எவனாவது சொன்னால், தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற நாம். ஒரு கண்ணாடிக் குழாய் "நீ அறிவாளி" என்றதும் முத்தம் வாங்கிய குழந்தை மாதிரி மலர்ந்துவிட்டோம்.

நம்மில் எல்லாரையும்விட அதிகமாக மலர்ந்தவர் ஏன்சார். கல்லூரியில் தர்க்கம் நடத்தி ஓய்வு பெற்றவர், எதையும் கேள்வி கேட்காமல் நம்பமாட்டோம் என்கிற நம் கேள்வி மன்றத்தின் தலைவர். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பார், அதுவே பெயராகிவிட்டது. பால் ஏன் நேற்றைவிட வெளுப்பு என்று குடைந்து, "நீங்க வேற இடத்துல வாங்கிக்கோங்க சார்" என்று பால்காரரையே விரட்டியவர்.

அவர் போன அன்று வரவேற்பறையில் ஓர் அம்மாள் இருந்தார். தேனில் ஊறிய குரல். "உங்க நெத்தியைப் பார்த்தாலே இந்தச் சாமி பூதமெல்லாம் நம்புற ஆளு மாதிரி தெரியலையே சார்?" என்றார். போதாதா? எந்த வயதில் கடவுளை விட்டோம், அதற்காக எந்த மாமாவிடம் அடி வாங்கினோம் என்று ஏன்சார் ஒரு சொற்பொழிவே நடத்தினார். அம்மாள் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுவிட்டு உள்ளே ஒரு நடை போய்வந்தார். அப்புறம்தான் கூப்பிட்டார்கள். நீலம் உச்சியை முட்டியது.

ஆயுசு முழுக்க ஏன் ஏன் என்று கேட்ட மனிதர் அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி. "இதுக்கு மேல யாராவது போயிருக்காங்களா?"

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரசுத் தேர்வுக்கு விடைத்தாள் திருத்தப் போகிறவர். காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, கொஞ்ச நேரம் நிற்பார். ஏன்சார் அதைக் கண்டும் காணாமலும் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார். தர்க்கம் தெரிந்தவருக்குக் காபி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

வம்பு டீச்சரின் பித்தப்பையில் வந்தது. கல். வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுவார். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இருவரும் அறுவை டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"இதே ஆபரேஷன் நிறைய செஞ்சிருக்கீங்களா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார்.

"என் தினப்படி வேலையே இதுதாம்மா."

"கெட்டுப்போனது உண்டா?"

"உண்டு. ஏன் கெட்டுது, அதுக்கப்புறம் எதை மாத்திக்கிட்டேன்னும் சொல்றேன்." படம் போட்டு விளக்கினார். டீச்சர் முன்னால் சாய்ந்து கேட்டார்.

ஏன்சார் காதில் இது எதுவும் ஏறவில்லை. அவர் கண், மேஜைக் கண்ணாடியின் அடியில் இருந்த சின்னச் சாமி படத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க கத்தி எடுக்கறதுக்கு முன்னால சாமி கும்பிடுவீங்களா?" என்றார்.

"ஒரு நிமிஷம் கண்ணை மூடுவேன் சார். அறுக்கும்போது திறந்துதான் வச்சிருப்பேன்."

டீச்சர் சிரித்தார். ஏன்சார் சிரிக்கவில்லை. நேரே நிபுணரிடம் ஓடினார். "கும்பிட்டுட்டுக் கத்தி எடுக்கற மூளைக்குத் தொப்பியே வேண்டாம் சார், சிவப்புதான்" என்றார் நிபுணர். நீலம் உச்சிக்கு ஏறிய டாக்டர் ஒருவர் கைவசம் இருப்பதாகவும் சொன்னார். ஏன்சார் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது டீச்சர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏன்சாருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் வயித்துக்கு யாரைக் கேட்டு முடிவெடுத்தீங்க?"

"உன் நல்லதுக்குத்தான். அந்த நீல டாக்டர்..."

"யார்கிட்ட மாத்தினீங்கன்னு போன்லயே சொன்னாங்க. அவர் தோல் டாக்டர்."

ஏன்சார் விடவில்லை. "அறிவு இருக்கறவர், கத்துக்க மாட்டாரா?"

"என் வயித்துலயா கத்துக்கணும்?"

வலி தணிந்ததும் டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு தனியாக மாடிக்குப் போனார். தேன்குரல் அம்மாள், "சாமி கும்பிடுவீங்களா டீச்சர்?" என்று இழுத்ததும், "அதெல்லாம் வேலையத்தவங்களுக்கு" என்றார். அம்மாள் உள்ளே ஒரு நடை. தொப்பி. நீலம் உச்சிக்கு.

வீட்டுக்கு வந்து, "தொப்பிக்குள்ள உட்கார்ந்து முழுக்க முழுக்கச் சாமி கும்பிட்டுக்கிட்டுதாங்க இருந்தேன்" என்றார்.

ஏன்சார் அசரவில்லை. "உன் ஆழ்மனசுல நீ நம்பலை. உனக்கே தெரியாதது கருவிக்குத் தெரிஞ்சிருக்கு."

"சாமியார் சொன்னது பலிக்கலைன்னா, சோதிக்கிறார்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரியா?"

"அது வேற, இது வேற."

"எது வேற?"

ஏன்சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியிலும் வீம்பு இருந்தது.

"சரி, பந்தயம்" என்றார் டீச்சர். "ஞாயித்துக்கிழமை உங்க மன்றத்துல அந்த நிபுணருக்குப் பாராட்டு விழாதானே. விடைத்தாளைப் பேரை மறைச்சுத்தான் எங்ககிட்ட திருத்தக் கொடுப்பாங்க. தெரிஞ்ச பையன்னா கை தானா ஒரு மார்க் கூடப் போடும், அதான். உங்க நிபுணரும் பேரை மறைச்சுத் திருத்தட்டும். ஜெயிச்சா, அந்தத் தோல் டாக்டர்கிட்டயே ஆபரேஷன் பண்ணிக்கறேன். தோத்தா, தேதியை நீங்களே போய்க் கேட்டு வாங்கணும்."

வயிற்றையே பந்தயமாக வைத்தார் அந்தப் பெண். அப்போதாவது நம் தர்க்கப் பேராசிரியருக்கு உறைத்திருக்க வேண்டாமா? "சம்மதம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. "இந்தக் கருவிக்கு முகம் தெரியாது, பதவி தெரியாது, உள்ளே இருக்கும் மூளை மட்டும்தான் தெரியும்" என்று ஏன்சார் தலைமையுரை ஆற்றினார். கைதட்டல் ஓய்ந்ததும் டீச்சர் எழுந்து மேடையேறினார்.

"முகம் தெரியாதுன்னா நல்லதாப் போச்சு. நிபுணர் சாரும் குழாயும் சபைப் பக்கம் இருக்கட்டும். நாற்காலியும் தொப்பியும் திரைக்குப் பின்னால. யாரை உட்கார வைக்கிறேன்னு நான் மட்டும் பார்க்கிறேன். வரவேற்பறை அம்மா முன்வரிசையிலயே உட்காரட்டும், பாவம், நடந்து நடந்து கால் வலிச்சிருக்கும்."

நிபுணர் கைக்குட்டையை எடுத்தார். "முகம் பார்க்காம அளந்தா அலை சிதறுமே அம்மா."

"சிதறாது சார், தைரியமா அளங்க" என்று குருவைக் குழிக்குள் தள்ளியவர் வேறு யார், அவருடைய பிரதம சீடர் ஏன்சாரேதான்.

திரை விழுந்தது. டீச்சர் ஏன்சாரின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். "முதல்ல நீங்க. வாயைத் திறக்கக்கூடாது. கஷ்டம்தான், பொறுத்துக்கோங்க."

தொப்பி ஏறியது. ஏன்சார் கண்ணை மூடிக் கடவுள் இல்லை, இல்லை என்று மனசுக்குள் பலமாகச் சொன்னார். போதாதோ என்று இன்னும் பலமாகச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் நிபுணர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். டீச்சர் நம்புகிறவர் என்பது அதற்குள் ஊருக்கே தெரியும், தன்னைப் போல நம்புகிற ஆளைத்தானே முதலில் உட்கார வைப்பார்?

"சிவப்பு" என்றது நிபுணரின் குரல். "ஆழ்ந்த பக்தி. சுயபுத்தி ரொம்பக் குறைவு. சின்ன வயசுல தலையில அடிபட்டிருக்கலாம், பாவம்."

சபை கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னால் ஏன்சாருக்குக் காது மடல் கொதித்தது. டீச்சர் உதட்டில் விரல் வைத்து அவரை எழுப்பினார். தொப்பியைக் கழற்றி, மேடை ஓரத்தில் இருந்த மண் பூந்தொட்டியின் மேல் கவிழ்த்தார். "அடுத்தது" என்று குரல் கொடுத்தார்.

"ஆகா, நீலம். உச்சி. சந்தேகமே இல்லை, இது மன்றத்து மூளை" என்றார் நிபுணர். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

டீச்சர் திரையை விலக்கினார்.

தொப்பி போட்ட தொட்டி. தொப்பிக்கு அடியில் எட்டிப் பார்க்கும் இரண்டு இலை. பக்கத்தில், சுயபுத்தி குறைந்த தலைவர். கைதட்டிய கைகள் அப்படியே நின்றன.

"மண்டையில களிமண்ணுன்னு திட்டுவோமே, இனிமே அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கலாமா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நிபுணரின் கால் விரிப்பை விட்டு நகராததைப் பார்த்து, டீச்சர் குனிந்து அந்த விரிப்பைத் தூக்கினார். இரண்டு மிதி பொத்தான்கள். இடது காலுக்குச் சிவப்பு, வலது காலுக்கு நீலம். தலையை அளக்கும் கருவி நிபுணரின் செருப்புக்குக் கீழே இருந்தது. அலை, பூமிக் காந்தம் என்று அவர் ஏதோ முனகினார். யாரோ மின்சாரக்காரரைக் கூப்பிடச் சொன்னார்கள். அதற்குள் நிபுணர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கவாசலில் நழுவினார். கோட்டு இல்லாமல் பார்த்தால் யாரோ ஒரு ஆள். தேன்குரல் அம்மாள் அவருக்கு முன்னாலேயே போயிருந்தார்.

இத்துடன் கூட்டத்துக்குப் புத்தி வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வாசல் படியில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

"மத்தவங்களுக்கு வேணா மிதிச்சிருப்பான். எனக்கு ஏறினப்போ அவன் காலையே பார்த்துக்கிட்டிருந்தேன், அசையலை."

"அதேதான். எனக்கு வந்தது நிஜ நீலம்."

ஏன்சார் அதைக் கேட்டு, இதே பேச்சை எத்தனை சாமியார்களின் வாசலில் கேட்டிருக்கிறோம் என்று நினைத்தார். கூடவே இன்னொன்றையும் கவனித்தார். அவர் நாக்கு நுனியிலும் அதே வாக்கியம் தயாராக நின்றது. விழுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

"ஏன் சார் ரத்து பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு குழாய் என்னை அறிவாளின்னு சொல்லிச்சு டாக்டர். நம்பிட்டேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு என்கிட்ட ஆபரேஷன் இல்லை சார்" என்று சொல்லி, டீச்சருக்குத் தேதி கொடுத்தார்.

கல்லை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்து டீச்சர் சாய்ந்து உட்கார்ந்ததும், ஏன்சார் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

"அப்போ அறிவுக்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தமே இல்லைங்கறியா?"

"இருக்கலாம், இல்லாம இருக்கலாம். நிறைய பேரை ஒழுங்கா அளந்து பார்த்தா ஏதாவது சராசரி கிடைக்கும். ஆனா சராசரி வந்து என் வயித்தை அறுக்காதுங்க. ஒரு கைதான் அறுக்கும். அந்தக் கையைப் பத்தி நான் கேட்டேன், நீங்க படத்தைப் பத்திக் கேட்டீங்க."

"கல்லை எடுத்தது அந்த டாக்டரோட கைதானே? சாமி இல்லையே?"

"கைதான்."

"அப்புறம் நீ ஏன் கும்பிடறே?"

"நல்ல கேள்வி. உட்கார்ந்து பேசுவோம். ஆனா எனக்குப் பதில் தெரியலைன்னா, நான் மந்தம்னு முடிவு கட்டக்கூடாது. உங்களுக்குத் தெரியலைன்னா நானும் கட்ட மாட்டேன்."

ஏன்சார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தார். பல வருஷத்துக்குப் பிறகு, பதில் என்னவென்று தெரியாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

கண்ணுகளா, முட்டாள் என்று எவனாவது சொன்னால் சட்டையைப் பிடித்து நிரூபி என்கிறீர்கள். அறிவாளி என்கிறவனின் சட்டையையும் பிடியுங்கள். ஏமாற்றுக்காரன் வெளியூருக்குப் போகவில்லை. உங்களைப் புகழ்வதற்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறான்.