பாசிக்கு உடந்தையாக இருந்தது யார்?

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். மீன்களும் சுகம். உங்கள் சுகத்தையும் என் மகளின் சுகத்தையும் எழுதவும். பவளங்களின் சுகத்தைப் பற்றி இதே வரியில் எழுத எனக்குக் கை வரவில்லை. கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். வாசலில் நின்றபடி உறையைப் பிரிக்காமல், உள்ளே போய் உட்கார்ந்து படிக்கவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் சமையலறை வரை கேட்கிறது. மெசேஜ் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் என் மகள் படித்துவிடுகிறாள். இது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்க வேண்டிய சமாசாரம். உறையை ஒட்டிவிட்டு அதன் மேல் டேப்பும் ஒட்டப் போகிறேன். டேப் கொஞ்சம் விலகியிருந்தாலும் எனக்குத் தெரியப்படுத்தவும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் மனசில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் ஹாலில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்கிற பவளத் தொட்டியைப் பற்றிய பாடத்தை மட்டும் சமையலறையில் வைத்து உங்கள் மாமியாருக்கு எடுத்தீர்கள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். குழாய்த் தண்ணீர் கூடாது, வடிகட்டிய தண்ணீர்தான், தீனி ஒரு சிட்டிகைக்கு மேல் போடக் கூடாது என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அப்புறம் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஆளின் செருப்பைப் பார்த்தே டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொன்னவன் நான். ஒரு கண்ணாடித் தொட்டியை என்னை நம்பி விடக் கூடாதா? வருத்தம்தான், மறைக்கவில்லை. அதனால்தான் நீங்கள் திரும்பி வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும், என் மகள் கல்யாணமான புதிதில் வாங்கி வளர்த்த அந்த விரல் பவளம் ஒரு விரல் குறையாமல் ஆட வேண்டும், "இதை மாமாகிட்டயே சொல்லியிருக்கலாம்" என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒருநாள் கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. உங்கள் மாமியார், "அது எப்பவும் வர்றதுதான், தொடச்சா போயிடும்" என்றாள். எப்பவும் வருவதுதான் என்று விட்டால் ரயில்வே என்றைக்கோ மூடியிருக்கும். ஒரு பெட்டியில் ஒரு வித்தவுட் மாட்டினான் என்றால் கக்கூஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் நாலு பேர் நிற்பார்கள், இது என் அனுபவம். தேட ஆரம்பித்தேன். சாயங்காலம் தொட்டியின் மேல் விளக்கு அணைந்ததும், கீழே இருக்கும் அலமாரியின் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. திறந்தேன். மாப்பிள்ளை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! உள்ளே மறைவாக இன்னொரு தொட்டி. அதற்குள் பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி பந்து பந்தாகப் பச்சைப் பாசி. அதற்குத் தலைக்கு மேல் தனி விளக்கு. மேலே இருந்து குழாய் வழியாக மீன் தண்ணீர் நேராக அதன் வாய்க்கே வருகிறது. மேல் விளக்கு அணைந்தால் கீழ் விளக்கு எரிகிற மாதிரி டைமர் வேறு. ராஜ உபசாரம்! உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்கள் கரண்டிலேயே, யாரோ பாசியை வளர்த்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது.

ஆளுக்கு முன்னால் பொருளைப் பிடி என்பது எங்கள் இலாகாவில் வழக்கம். மொத்தத்தையும் அள்ளி, கறுப்புக் கவரில் போட்டு இறுக்கி முடிந்து, குப்பை வண்டி வரும்வரை காத்திருந்து என் கையாலேயே போட்டேன். விளக்கைக் கழற்றிப் பரணில் வைத்தேன். உங்கள் மாமியாரிடம் மூச்சு விடவில்லை. முழங்கால் வலியால் அவள் குனிய மாட்டாள், சரி. ஆனால் சாயங்காலமானால் அந்தக் கதவிடுக்கையே ஒரு பார்வை பார்ப்பாள், நான் கவனித்திருக்கிறேன். அன்றைக்கும் பார்த்துவிட்டு, "கீழ வெளிச்சத்தைக் காணோமே?" என்றாள். "நான் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு" என்றேன். உடனே நம்பிவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை அவள் உடனே நம்பியது அதுதான் முதல் தடவை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

தலைவனைத் தூக்கியாயிற்று, இனி நிம்மதி என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் சனியன் பிடித்தது. பாறையெல்லாம் பச்சையாகத் தாடி வளர்ந்தது. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு இரண்டு பங்கு. பவளங்களின் இடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. விரல் பவளம் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு முஷ்டியை மூடிக்கொண்டது. தலைவனைப் பிடித்த கோபத்தில் மிச்சக் கும்பல் பழிவாங்குகிறது, வேறென்ன?

நீங்கள் தொட்டி மீன் வாங்கும் மீன் கடைக்குப் போனேன். "பாசிக்கு ஒரு நல்ல மருந்தாப் பாத்துக் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "ஐயையோ சார், மருந்தே ஊத்தாதீங்க. அதுல செம்பு கலந்திருக்கும், பாசி போகுதோ இல்லையோ, பவளம் செத்துப்போயிடும். கையால பிடுங்குங்க, பிரஷால தேயுங்க, தீனியைக் குறைங்க, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, போதும்." மாப்பிள்ளை, பொருளை விற்கமாட்டேன் என்கிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நான் முறைத்த முறைப்பில் அவர் அடுத்த கேள்வி கேட்டார்: "ஆமா, உங்க மாப்பிள்ளை கீழ் அலமாரியில பாசி வளப்பாரே, அது நல்லா இருக்கா?" நம் வீட்டு அலமாரிக்குள் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பழியைத் தூக்கி உங்கள் மேலேயே போடுகிறாரே! "அப்படி எதுவும் எங்க வீட்டுல இல்லை" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, அவர் பாசி தின்னும் என்று கொடுத்த நத்தைகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நத்தைகளும் அவருடைய ஆட்கள்தான் போலிருக்கிறது. பகலெல்லாம் மூலையில் தூங்குகின்றன. ஒன்று மட்டும் கண்ணாடியின் உச்சிக்கு ஏறி வந்து, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்துவிட்டு இறங்கிப் போகிறது.

எதிர்வீட்டுப் பல் டாக்டரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கலாம். கேட்காமலேயே வந்து, பாறை இடுக்கில் தேய்க்க வசதியாக இருக்கும் என்று வளைந்த கழுத்துள்ள சின்ன பிரஷ் ஒன்று கொடுத்தார். இதுவரை லிப்டில் சிரித்ததுகூடக் கிடையாது, இப்போது என்ன திடீர்ப் பாசம்? பிரஷை நாலு தடவை வெந்நீரில் கழுவின பிறகே தொட்டிக்குள் விட்டேன். நன்றாகத்தான் தேய்க்கிறது, அது வேறு விஷயம்.

வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும் என்று தோன்றியதால் தொட்டியைப் போர்வை போட்டு மூடினேன். அந்த நேரம் பார்த்துத்தானா என் மகள் வீடியோவில் வர வேண்டும்! "அப்பா, ஏன் போர்வை?" என்றாள். "மீனுக்குக் குளிருதும்மா" என்றேன். போர்வையையே உற்றுப் பார்த்தாள். பிறகு, "என் விரல் பவளம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். நான் போனைத் திருப்பி ஆரஞ்சு மீனைக் காட்டினேன். மாப்பிள்ளை, எத்தனையோ பேர் என் முன்னால் நின்று பர்ஸைத் தேடுகிற மாதிரி நடித்திருக்கிறார்கள், நான் மசிந்ததில்லை. அன்றைக்கு நானே நின்று தேடினேன். போர்வையைப் பிரித்துப் பார்த்தால் பாசி ஜம்மென்று இருந்தது, பவளங்கள்தான் வெளுத்திருந்தன. இனி அந்த வைத்தியம் வேண்டாம் என்று போர்வையை மடித்து வைத்தேன்.

கடைசியாக மிஞ்சியது உங்கள் மாமியார். சொல்லவே நாக்கு கூசுகிறது. கள்ளத்தனமாகத் தீனி போடுகிறாளா என்று பேப்பருக்குப் பின்னால் இருந்து கண்காணித்தேன். சிட்டிகைக்கு மேல் ஒரு துகள் போடவில்லை. தண்ணீரும் வடிகட்டினதுதான். ஆகவே அவள் மிகவும் கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்கிறாள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் உடனே மீன் கடையை மாற்ற வேண்டும். பல் டாக்டரிடம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியின் முழுப் பொறுப்பையும் என் ஒருவன் பெயரிலேயே கொடுத்துவிட வேண்டும், அவளிடம் இதமாகச் சொல்லிவிடுங்கள். விரல் பவளம் பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதை என் மகளிடம் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி, நோய்நொடி இல்லாமல், பல்லாண்டு நன்றாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். போன வாரம் டேப் வாங்க நான் தெருவுக்குப் போன நேரத்தில் உங்கள் மாமியார் இதை முழுக்கப் படித்துவிட்டாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. "அந்தப் பந்தை எங்க போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். குப்பை வண்டி என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அது மாப்பிள்ளை ஆசையா வளக்கற பாசிங்க. தண்ணியில இருக்கற கழிவையெல்லாம் அது தின்னுடும், அதனாலதான் மேல இருக்கற பாசி பட்டினி கிடக்கும். அதைத் தொடக்கூடாதுன்னுதான் அவ்வளவு நேரம் சொன்னார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். உன்மேல்தான் சந்தேகம் என்று உன்னிடமே எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, டிக்கெட் வைத்திருந்தவனை ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன்.

அன்றைக்கே மீன் கடைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பாசியை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். கீழே விட்டு, விளக்கைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிவிட்டோம். தண்ணீரை அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறோம். பிரஷ் என் கையில், டார்ச் அவள் கையில். பாறைத் தாடி குறைந்துகொண்டு வருகிறது. என் மகளுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டுச் சிரித்தாளா, சிரித்துவிட்டு அழுதாளா என்று நினைவில்லை.

பிறகு இந்தக் கடிதத்தை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்பீர்கள். கிழிக்கத்தான் எடுத்தேன். "நீங்க அனுப்பலேன்னா நான் உக்காந்து எழுதுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் எழுதினால் இதைவிட மோசமாக இருக்கும்.

இன்று காலை தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். விரல் பவளம் ஒரு விரலை வெளியே நீட்டியிருக்கிறது என்கிறாள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் நம்பிவிட்டேன்.